பாவு குடித்த கஞ்சி

1

புது நூல் சேலையை முதல் தடவை நனைக்கும்போது வாளித் தண்ணீர் கலங்கும். "சாயம் போகுது" என்று வீட்டில் கடைக்காரரைத் திட்டுவார்கள். சாயமும் கொஞ்சம் போகும்தான். ஆனால் அந்தத் தண்ணீரை விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தால் லேசாக வழவழக்கும். அது கஞ்சி. தறிக்கு ஏறுவதற்கு முன்னால் பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி, வேலை முடிந்து வெளியேறுகிறது.

துணியின் வரலாற்றை வாசிக்கிறவர்களுக்குப் பருத்தி தெரியும், அவுரி தெரியும், ராட்டை தெரியும், மான்செஸ்டர் தெரியும். கஞ்சியைப் பற்றி யாரும் பெரிதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். அது மிஞ்சுவதில்லை என்பதுதான் காரணம். உடுத்தித் துவைத்த துணிதான் பெட்டியில் தங்குகிறது. அதில் கஞ்சி இருக்காது.

நான் சங்கரன்கோவில்காரன். பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறேன். 2019-இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி மாவட்டத்துக்குப் போன ஊர். வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் என்றால் ஆடித்தபசு, கோமதி அம்மன், புற்றுமண். ஊருக்குள் இருக்கிறவர்களுக்கு அது விசைத்தறிச் சத்தம். சில தெருக்களில் சத்தம் நின்றால்தான் தூக்கம் கலையும்.

விசைத்தறியில் நீளவாக்கில் ஓடுவது பாவு, குறுக்கே போவது ஊடை. ஊடை நூலுக்குப் பெரிய கஷ்டம் இல்லை. நாடாவோடு ஒரு தடவை குறுக்கே போனால் அதன் பயணம் முடிந்தது. பாவு நூல் அப்படி இல்லை. இழுத்துக் கட்டப்பட்ட நிலையில் விழுதுக்குள் ஏறி இறங்கி, அச்சுப் பற்களில் உரசி, பக்கத்து இழையோடு தேய்ந்து, நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் அடி வாங்கி, அங்குலம் அங்குலமாக முன்னே நகர வேண்டும். பருத்தி நூல் என்பது குட்டைக் குட்டை இழைகளை முறுக்கி வைத்ததுதான். உரசினால் மயிர் சிலிர்த்துக்கொள்ளும், பக்கத்து இழையோடு பின்னும், அறும். கஞ்சி அந்தச் சிலிர்ப்பைப் படியவைத்து, நூலின் மேல் ஒரு மெல்லிய தோலாகப் படர்கிறது. நெய்து முடியும்வரை அந்தத் தோல் தாங்கினால் போதும். அதற்குப் பிறகு சுவடில்லாமல் கழன்றுவிட வேண்டும்.

தாங்கவும் வேண்டும், கழலவும் வேண்டும். முரணான இந்த இரண்டு வேலையையும் ஒரே பொருளிடம் வாங்குவதற்கு மனிதர்கள் செய்தவைதான் கஞ்சியின் வரலாறு. அதைத் தேடி வாசிக்க வாசிக்க எனக்கு வேறொன்றும் தெரிய ஆரம்பித்தது. ஒவ்வொரு முறை கஞ்சி மாறியபோதும் அதன் செலவு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்ந்திருக்கிறது. முதலில் வயிறு, பிறகு நுரையீரல், பிறகு கூலி, கடைசியில் தண்ணீர்.

2

முதலில் அது சோற்றுக் கஞ்சிதான். டாக்கா மஸ்லின் நெய்தவர்கள் நெல்லைப் பொரித்து, அந்தப் பொரியைக் குழைத்து, துளி சுண்ணாம்பு சேர்த்து இழைக்குத் தடவினார்கள். 19-ஆம் நூற்றாண்டில் டாக்காவில் இருந்த ஜேம்ஸ் டெய்லர் இதை எழுதி வைத்திருக்கிறார். தமிழ்நாட்டில் அரிசி, கேப்பை, கொஞ்சம் எண்ணெய். விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டிக் கட்டி, கஞ்சியை ஊற்றி, வேர்களால் கட்டிய நீளமான பிரஷ்ஷால் ஒரே போக்கில் இழுத்துக்கொண்டே போவார்கள். வெயில் ஏறுவதற்குள் இழைகள் தனித்தனியாகப் பிரிந்து காய வேண்டும். மழை வந்தால் அன்றைக்குப் பாவும் இல்லை, அடுத்த வாரம் கூலியும் இல்லை. கொங்குப் பக்கம் பல ஊர்களில் 'பாவடி' என்று இன்றும் இடப்பெயர் இருப்பது இப்படிப் பாவு நீட்டிய இடங்களால்தான்.

எங்கள் ஆச்சி தெருவில் பாவு போட்டவள். வீட்டில் அரிசி அளக்கும்போது அவள் சொல்வது இது: "பாவு குடிச்சது போகத்தாம்ல பிள்ளைகளுக்கு." இதை அவள் வருத்தமாகச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. மாசக் கணக்குச் சொல்கிற மாதிரிச் சொல்வாள். பாவுக்குக் கஞ்சி குறைந்தால் இழை அறும், இழை அறுந்தால் கூலி குறையும், கூலி குறைந்தால் அரிசி குறையும். அதனால் பாவுக்குத்தான் முதல் பந்தி.

கஞ்சி என்ற சொல் தமிழில் பசியோடு ஒட்டியே இருக்கிறது. சென்னை ராயபுரம் ஸ்டான்லி மருத்துவமனையைப் பழைய ஆட்கள் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்பார்கள். 1782 பஞ்சத்தில் அங்கே மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்றியதிலிருந்து வந்த பெயர். 1950-களின் தொடக்கத்தில் கைத்தறித் துணி தேங்கி நெசவாளர்கள் பட்டினி கிடந்தபோது, 1953 ஜனவரியில் திமுக தலைவர்கள் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றார்கள். முதலமைச்சராக இருந்த ராஜாஜி, வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். 2000-களின் தொடக்கத்தில் மறுபடியும் நெசவாளர் ஊர்களில் கஞ்சித் தொட்டி திறக்கப்பட்டது, அது சட்டசபை வரை சண்டையானது. வாழ்நாள் முழுக்க நூலுக்குக் கஞ்சி ஊற்றியவர்கள் தங்களுக்கான கஞ்சிக்கு வரிசையில் நின்றார்கள்.

3

விசைத்தறியைக் கண்டுபிடித்தவர் யார் என்றால் பள்ளிப் புத்தகம் எட்மண்ட் கார்ட்ரைட் என்று சொல்லும். 1785. ஆனால் அவருடைய தறி வெளிவந்து இருபது வருடமாகியும் அதைப் பெரிதாக யாரும் வாங்கவில்லை. ஏன்? கஞ்சி ஒரு முக்கியக் காரணம். அப்போது பாவைத் தறியிலேயே வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கஞ்சி தடவி, காயவைத்து, நெய்து, மறுபடி நிறுத்தித் தடவ வேண்டியிருந்தது. இயந்திரம் எவ்வளவு வேகமாக ஓடினால் என்ன, கஞ்சி போடுவதற்கு அதை நிறுத்தித்தானே ஆக வேண்டும்? ஒரு தறிக்கு ஒரு ஆள் என்ற கணக்கு மாறவே இல்லை.

அதை மாற்றியவர் ஸ்டாக்போர்ட்டைச் சேர்ந்த வில்லியம் ராட்கிளிஃப். தாமஸ் ஜான்சன் என்ற நெசவாளியைக் கூட வைத்துக்கொண்டு, பாவு முழுவதற்கும் தறிக்கு ஏற்றும் முன்பே கஞ்சி போட்டுக் காயவைத்துச் சுற்றித் தரும் இயந்திரத்தை 1803-04 வாக்கில் உருவாக்கினார். ராட்கிளிஃப் கைத்தறிக்காரர்களின் பக்கம் நின்றவர். இங்கிலாந்து நூலை ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்யக்கூடாது, உள்ளூர் கைத்தறியிலேயே நெய்ய வேண்டும் என்று ஓயாமல் வாதாடியவர். கைத்தறியைக் காப்பாற்ற அவர் செய்த இயந்திரம், விசைத்தறிக்கு இருந்த ஒரு பெரிய தடையை அகற்றிக் கொடுத்தது. அவர் சில வருடங்களில் திவாலானார். அடுத்த அரை நூற்றாண்டில் லங்காஷயரின் கைத்தறி அழிந்தது. நம் ஊர்க் கைத்தறியும் அந்தத் துணியோடுதான் போட்டி போட வேண்டியிருந்தது.

அடுத்த கட்டத்தில் எங்கள் கரிசல் மண்ணும் கதைக்குள் வருகிறது. 1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கி அங்கிருந்து பருத்தி வருவது நின்றது. லங்காஷயர் இந்தியப் பருத்தியை வாங்கியது. லிவர்பூல் சந்தையில் பெயர் சொல்லி விற்ற இந்திய ரகங்களில் 'டின்னவெல்லி'யும் ஒன்று. தூத்துக்குடித் துறைமுகம் வழியாகப் போன நம் கரிசல் பருத்தி. இந்தியப் பருத்தி குட்டை இழை. அமெரிக்கப் பருத்திக்கென்று அமைத்த தறிகளில் அது ஓயாமல் அறுந்தது. பொதுவாக எல்லா இந்தியப் பருத்தியையும் 'சூரத்' என்று அழைத்த லங்காஷயர் நெசவாளர்களிடம் அந்தச் சொல்லே மட்டமான சரக்கு என்று அர்த்தப்படும் வசையாக மாறியது. அவர்கள் வாங்கியது பீஸ் கூலி. இழை அறுந்தால் தறி நிற்கும், தறி நின்றால் காசில்லை.

அறுகிற நூலைத் தாங்க முதலாளிகள் கஞ்சியைக் கூட்டினார்கள். அதற்கு முன்பே, 1850-களின் கிரிமியப் போர்க்காலத்தில் மாவு விலை ஏறியபோது, கஞ்சியில் கார்ன்வால் வெள்ளைக் களிமண்ணைக் கலக்கும் பழக்கம் வந்திருந்தது. களிமண் மலிவு. ஒட்டினால் எடை கூடும், துணி தடிமனாகத் தெரியும். நூலின் எடைக்குச் சமமாகவும் சில நேரம் அதற்கு மேலும் கஞ்சிப் பூச்சு ஏறிய துணிகள் தயாராயின. அவற்றில் பெரும்பகுதி வந்து இறங்கிய சந்தைகள் இந்தியாவும் சீனாவும். பூஞ்சை பிடிக்காமல் இருக்க துத்தநாக குளோரைடு சேர்த்தார்கள். அப்படியும் கப்பலில் பூஞ்சை பிடித்து வந்து சேர்ந்த மூட்டைகளைப் பற்றி வியாபாரிகள் புகார் செய்துகொண்டே இருந்தார்கள். வாங்கிய நம்மாள் முதல் துவையலிலேயே பாதித் துணியைக் கிணற்றடியில் விட்டான்.

தறிக்கூடத்தில் நின்றவர்களின் பாடு இதைவிட மோசம். களிமண் பூசிய பாவு தறியில் அடி வாங்கும்போது வெள்ளைத் தூசி பறக்கும். பூச்சு உடையாமல் இருக்கக் கூடத்துக்குள் நீராவியை விடுவார்கள். 1872-இல் டோட்மோர்டன் ஊரில் இதனால் நெசவாளர் உடல்நலத்துக்கு என்ன நேர்கிறது என்று டாக்டர் ஜார்ஜ் புக்கனன் அரசுக்கு ஒரு அறிக்கை கொடுத்தார். கூடத்துக்குள் ஈரப்பதம் எவ்வளவு இருக்கலாம் என்று கட்டுப்படுத்தும் சட்டம் 1889-இல்தான் வந்தது. பதினேழு வருடம். அரிசியை மிச்சப்படுத்திய கஞ்சி நுரையீரலில் போய் உட்கார்ந்துகொண்டது.

4

மரவள்ளிக் கிழங்கு தென் அமெரிக்கச் செடி. போர்த்துகீசியரோடு வந்தது. திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் அதை ஏழைகளின் பசி தீர்க்கும் பயிராகப் பரப்பினார். அதன் மாவு வெள்ளை வெளேரென்று இருக்கும், வாசனை இல்லை, வெந்தால் தெளிவான கஞ்சி தரும். நூலுக்கு அரிசியைவிட அது தோதானது.

1942-இல் பர்மா ஜப்பானிடம் விழுந்தது. அரிசி வருவது நின்றது. மலாயா, ஜாவா பக்கமிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் நின்றன. 1943 வங்கப் பஞ்ச வருடம். அதே 1943-இல்தான் சேலத்தில் மாணிக்கம் செட்டியாரும் போபட்லால் ஷாவும் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி எடுக்கும் தொழிலைத் தொடங்கினார்கள். ஆலைகள் பெருகின. 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் உருவானது. பாயசத்துக்குப் போகும் ஜவ்வரிசியும் நூலுக்குப் போகும் ஸ்டார்ச்சும் ஒரே கிழங்கின் பால்தான்.

ஆச்சி தலைமுறைக்கு இது பெரிய விடுதலை. பாவுக்கென்று அரிசி அளக்க வேண்டாம். மெல்ல மெல்லப் பாவு போடுவதே தெருவைவிட்டுப் போய், 'சைசிங்' என்ற பெயரில் பாய்லரும் உருளைகளும் உள்ள கொட்டகைக்குள் நுழைந்தது. நூறு நூறு இழைகள் ஒன்றாக இறங்கி, கொதிக்கும் கஞ்சிக்குள் முங்கி எழுந்து, பிழியப்பட்டு, சூடான உருளைகளில் காய்ந்து, பீமில் சுற்றிக்கொண்டு வெளியே வரும். ராட்கிளிஃப்பின் யோசனைதான், நீராவியோடு.

ஆனால் ஸ்டார்ச்சுக்கு ஒரு குணம் உண்டு. காய்ந்தால் அப்பளம். காற்று வறண்டால் தோல் வெடித்துப் பொடியாக உதிரும். கரிசல் காட்டு வெயிலில் தறிக்கூடத் தரையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். என் மாமாவின் தறிக்கு அடியில் எப்போதும் ஒரு வெள்ளைப் பொடி படிந்திருக்கும். சின்ன வயசில் அதில் பேர் எழுதி விளையாடியிருக்கிறேன். அது உதிர்ந்த கஞ்சியும் பஞ்சுத் தூசியும் என்பதோ, அதைத்தான் மாமா நாள் முழுக்கச் சுவாசிக்கிறார் என்பதோ அப்போது தெரியாது.

5

இனி செல்லுலோஸ் ஈதர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், இதுவும் பருத்திக் கதைதான்.

1833-இல் பாரிஸில் அன்செல்ம் பாயன் என்ற வேதியியலாளர் பெர்சோஸ் என்பவரோடு சேர்ந்து, முளைகட்டிய தானியத்தில் ஸ்டார்ச்சை உடைத்துக் கரைக்கும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். டயஸ்டேஸ். பிரித்தெடுக்கப்பட்ட முதல் நொதி அது. பிற்காலத்தில் துணியிலிருந்து ஸ்டார்ச்சுக் கஞ்சியைக் கழற்றுவதற்கு ஆலைகள் பயன்படுத்தியது இந்த வகை நொதியைத்தான். அதே பாயன் 1838-இல் தாவரங்களின் சுவர் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு பொருளைப் பிரித்துக் காட்டினார். அதற்குச் செல்லுலோஸ் என்று பெயர் வந்தது. நூலும் செல்லுலோஸ். நூலுக்குப் போட்ட கஞ்சியைக் கழற்றும் பொருளையும் நூல் எதனால் ஆனது என்பதையும் ஐந்து வருட இடைவெளியில் ஒரே ஆள் கண்டுபிடித்திருக்கிறார்.

ஸ்டார்ச்சும் செல்லுலோஸும் ஒரே குளுக்கோஸ் மணிகளைக் கோத்த மாலைகள். கோத்த விதம்தான் வேறு. ஸ்டார்ச்சில் மணிகள் ஒரே பக்கம் பார்த்து நிற்பதால் மாலை சுருளும், தண்ணீர் உள்ளே புகும், நம் வயிற்றின் நொதி அதை உடைக்கும். செல்லுலோஸில் ஒரு மணி இப்படி, அடுத்தது திரும்பி அப்படி. அதனால் மாலை நேராக நிற்கும். நேரான மாலைகள் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்புகளால் இறுகப் பிடித்துக்கொள்ளும். தண்ணீருக்கு உள்ளே நுழைய வழி இல்லை. நம் வயிற்றுக்கும் அதை உடைக்கத் தெரியாது. மாட்டு வயிற்றின் நுண்ணுயிர்களுக்குத் தெரியும். கறையான் வயிற்றில் இருப்பவற்றுக்கும் தெரியும். சங்கரநாராயணர் கோவிலில் பிரசாதமாக எடுத்து நெற்றியில் பூசிக்கொள்கிற புற்றுமண், உலகின் மிகத் திறமையான செல்லுலோஸ் தின்னிகளில் ஒன்று கட்டிய வீட்டின் மண்.

கரையாத செல்லுலோஸைக் கரையவைக்க என்ன செய்வது? ஆடித்தபசுக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தோளோடு தோள் ஒட்டி நிற்கிறார்கள், நடுவில் ஒரு சுண்டல் விற்கிறவர்கூடப் போக முடியாது. இப்போது அங்கங்கே சிலர் இடுப்பில் ஒரு பூக்கூடையை மாட்டிவிட்டால்? ஒட்டி நிற்க முடியாது, இடைவெளி விழும். செல்லுலோஸின் ஒவ்வொரு மணியிலும் இப்படிக் கூடை மாட்ட மூன்று இடம் உண்டு. முதலில் காரத்தில் ஊறவைத்துச் சங்கிலிகளை உப்பவைப்பார்கள். பிறகு கூடையை மாட்டுவார்கள். கூடைக்கும் சங்கிலிக்கும் நடுவே ஒரு ஆக்ஸிஜன் பாலமாக நிற்கும். அந்த அமைப்புக்குப் பெயர்தான் ஈதர். மாட்டும் கூடை மெத்தில் என்றால் மெத்தில் செல்லுலோஸ். மோனோகுளோரோ அசிட்டிக் அமிலத்தைக் கொண்டு கார்பாக்ஸி மெத்தில் என்ற கூடையை மாட்டினால் கார்பாக்ஸி மெத்தில் செல்லுலோஸ், சுருக்கமாக சிஎம்சி. மூன்று இடத்தையும் நிரப்ப வேண்டியதில்லை. மணி ஒன்றுக்குச் சராசரியாக 0.4-க்குக் கீழே இருந்தால் நன்றாகக் கரையாது. கடையில் கிடைக்கும் சிஎம்சி பெரும்பாலும் 0.6-க்கும் 0.95-க்கும் நடுவில் இருக்கும்.

1905-இல் வில்ஹெல்ம் சூயிடா செல்லுலோஸோடு மெத்திலைச் சேர்த்துப் பார்த்தார். 1912-இல் லியோன் லிலியன்ஃபெல்ட் இந்த ஈதர்களுக்குக் காப்புரிமை கேட்டார். 1918-இல் ஜெர்மனியில் சிஎம்சி பிறந்தது. பிறந்தும் ரொம்ப நாள் வேலை இல்லாமல்தான் கிடந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியில் கொழுப்புக்குப் பஞ்சம் வந்து சோப்பு தட்டுப்பட்டபோது, சலவைத்தூளில் சிஎம்சியைச் சேர்த்தால் கழன்ற அழுக்கு மறுபடி துணியில் ஒட்டாது என்று தெரிந்து பெரிய அளவில் தயாரித்தார்கள். கிரிமியப் போர் களிமண்ணைக் கொண்டுவந்தது, பர்மாப் போர் சேலத்து ஜவ்வரிசியைக் கொண்டுவந்தது, இது சிஎம்சியைக் கொண்டுவந்தது. கஞ்சியின் வரலாற்றில் தட்டுப்பாடு இல்லாமல் ஒரு பக்கமும் நகர்வதில்லை.

நூலுக்கு இது ஏன் பிடித்துப்போனது என்பது சுவாரசியம். சிஎம்சி செய்ய மரக்கூழ் பயன்படும். பருத்தி அரைத்த பிறகு கொட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டை ரோமமும் பயன்படும். நூலாகத் திரிக்க லாயக்கில்லாத பஞ்சு அது. அந்தப் பஞ்சு, கூடை மாட்டிக்கொண்டு கரைந்து, நூலான பஞ்சின் மேலேயே தோலாகப் படிகிறது. ஒரே இனம் என்பதால் நன்றாக ஒட்டும். தோல் வளைந்து கொடுக்கும், ஸ்டார்ச் மாதிரி நொறுங்காது. கழற்ற நொதி வேண்டாம், தண்ணீரே போதும்.

இதன் சொந்தக்காரர்கள் இன்று எங்கும் இருக்கிறார்கள். பற்பசை குழாயிலிருந்து தண்ணியாக ஒழுகாமல் நிற்பது சிஎம்சியால். ஐஸ்கிரீமில் பனிக்கட்டித் துகள் பெரிதாகாமல் பார்த்துக்கொள்வதும் அதுதான், பொட்டலத்தில் 466 என்ற எண்ணாக இருக்கும். எண்ணெய்க் கிணறு தோண்டும் சேற்றுக் கலவையிலும் உண்டு. மெத்தில் செல்லுலோஸ் இன்னும் விசித்திரம். நம் வீட்டுக் கஞ்சி ஆறினால் இறுகும், இது சூடாக்கினால் இறுகும், ஆறினால் இளகும். அதன் தம்பியான ஹைட்ராக்ஸி புரோப்பில் மெத்தில் செல்லுலோஸ், சுவர்ப் புட்டியிலும் டைல்ஸ் ஒட்டும் கலவையிலும் சிமென்ட் சீக்கிரம் வறண்டுவிடாமல் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. சைவ மாத்திரைக் கூடும் அதுவே. நாளெல்லாம் திரையைப் பார்த்து என் கண் வறண்டுபோனபோது டாக்டர் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தின் லேபிளைப் படித்தேன்: கார்பாக்ஸி மெத்தில் செல்லுலோஸ், 0.5 சதவீதம். கொட்டகையில் மூட்டையாகக் கிடக்கும் அதே சரக்கு, சுத்தம் மட்டும் வேறு.

6

போன வருடம் ஊருக்குப் போனபோது தெரிந்தவரின் சைசிங் கொட்டகையில் ஒரு மதியம் உட்கார்ந்திருந்தேன். கஞ்சி காய்ச்சும் மாஸ்டர் அறுபதைத் தாண்டியவர். கரண்டியைத் தூக்கிக் கஞ்சி இழுபட்டு விழுவதைப் பார்த்தே பதம் சொல்லிவிடுவார். சுவரில் சாக்பீஸில் கலவைக் கணக்கு எழுதியிருந்தது. மரவள்ளி ஸ்டார்ச். சிஎம்சி. பிவிஏ. மெழுகு. நூறு கிலோ நூலுக்கு எட்டிலிருந்து பதினைந்து கிலோ வரை இந்தக் கலவை ஏறும், நூலையும் துணியையும் பொறுத்து.

பிவிஏ என்பது பாலிவினைல் ஆல்கஹால். 1924-இல் ஹெர்மான், ஹேனல் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் கண்டுபிடித்தது. இது தாவரத்திலிருந்து வந்ததில்லை, முழுக்கச் செயற்கை. தோல் ரொம்ப உறுதி, பாலியஸ்டர் கலந்த நூலிலும் ஒட்டும். இவ்வளவு நீளமான சங்கிலி மூலக்கூறுகள் இருக்கவே முடியாது என்று சக விஞ்ஞானிகள் அடித்துச் சொன்ன காலத்தில், 1920-இல், இருக்கின்றன என்று எழுதியவர் ஹெர்மான் ஸ்டாடிங்கர். அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1953-இல். நம் கைத்தறி நெசவாளருக்காக அண்ணா தெருவில் துணி விற்ற வருடம்.

"எது நல்லது, அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"எல்லாம் நல்லதுதான். வெலைதான் பேசும்," என்றார். "கஞ்சி சரியா இருந்தா ஒருத்தனும் கஞ்சியப் பத்திப் பேச மாட்டான், தம்பி. இழை அறுந்தாத்தான் எல்லாருக்கும் என் ஞாபகம் வரும்."

சர்வர் பார்த்துக்கொள்ளும் என் நண்பர்கள் இதே வசனத்தைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. சர்வர் விழுந்தால் எங்கள் சம்பளம் அன்றைக்குக் குறையாது. பாவு பீமும் ஊடை நூலும் கொடுப்பவர் வியாபாரி. எந்தக் கஞ்சி, எவ்வளவு சிஎம்சி என்று முடிவு செய்வதும் அந்தப் பக்கம்தான். ஸ்டார்ச்சோடு ஒப்பிட்டால் சிஎம்சி விலை அதிகம். நூல் விலை ஏறும் மாதத்தில் சுவரில் இருக்கும் அந்த எண்தான் முதலில் அழிந்து சின்னதாகும். கஞ்சி மெலிந்த பீம் எந்தத் தறியில் ஏறுகிறதோ, அங்கே நெய்கிறவருக்கு அன்றைக்கு இழை அறுந்துகொண்டே இருக்கும். அவர் வாங்குவது பீஸ் கூலி. அறுந்த இழையைத் தேடி, முடிச்சுப் போட்டு, விழுதில் கோத்து, மறுபடி தறியை ஓட்டும் நேரத்துக்குக் கணக்கு இல்லை. சூரத் பருத்தியைத் திட்டிய லங்காஷயர் நெசவாளிக்கும் இவருக்கும் நடுவில் 160 வருடம் இருக்கிறது. கணக்கு அதேதான்.

7

கடைசியாகத் தண்ணீர். நெய்த துணியை வெளுக்கவோ சாயமிடவோ வேண்டுமென்றால் முதலில் கஞ்சியைக் கழற்ற வேண்டும். ஸ்டார்ச் என்றால் நொதியால் உடைபட்டுச் சர்க்கரையாகச் சாக்கடைக்குப் போகும். சர்க்கரையைக் கண்ட நுண்ணுயிர்கள் பல்கிப் பெருகி, தண்ணீரில் இருக்கும் ஆக்ஸிஜனை எல்லாம் குடித்துவிடும். மீனுக்கு மூச்சு இருக்காது. ஒரு பருத்தித் துணி ஆலையின் கழிவுநீரில் இந்த ஆக்ஸிஜன் பசியில் சுமார் பாதி கஞ்சியால் மட்டுமே வருகிறது என்பது ஜவுளிப் பொறியியல் மாணவர்களின் பாடப் புத்தகக் கணக்கு. 2011 ஜனவரியில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது நாமெல்லாரும் நொய்யலில் ஓடிய நிறத்தைப் பார்த்தோம். நிறமில்லாத கழிவு புகைப்படத்தில் விழாது.

சிஎம்சி இந்தச் சோதனையில் நல்ல மதிப்பெண் வாங்கும். கூடைகள் மாட்டியிருப்பதால் நுண்ணுயிர்களால் அதைச் சுலபத்தில் கடிக்க முடியாது, அதனால் ஆக்ஸிஜன் பசி குறைவு. சீக்கிரம் மக்காது என்பதைத்தான் அந்த மதிப்பெண் வேறு வார்த்தையில் சொல்கிறது. மெதுவாகத்தான் மக்கும், ஆனால் மக்கும். பிவிஏ இன்னும் பிடிவாதம், அதற்கென்று பழகிய நுண்ணுயிர்கள் இருந்தால்தான் அசையும். ஆற்றைக் காப்பாற்றுகிறோம் என்று கஞ்சியை மாற்றும்போது எந்தச் சோதனையில் காப்பாற்றுகிறோம், எத்தனை நாளைக்கு என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. பெரிய ஆலைகளில் கழற்றிய பிவிஏ-வை வடிகட்டி மீட்டு மறுபடி பயன்படுத்த முடிகிறது. கஞ்சி போடுவது ஓர் ஊர், நெய்வது வேறொரு ஊர், வெளுப்பது இன்னொரு ஊர் என்று சிதறிக் கிடக்கும் நம் தொழிலில் யார் யாருக்காக மீட்பது? சாயமிட்ட நூலில் நெய்து நேராகக் கடைக்கு வரும் எங்கள் ஊர் மாதிரிச் சேலைகளில் அந்தக் கடைசி வேலை உங்கள் வீட்டுக் குளியலறையில் நடக்கிறது.

பழையது நல்லது, அரிசிக் கஞ்சிக்கே திரும்புவோம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆச்சி அளந்த அரிசியின் கணக்கு தெரிந்த யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். சிஎம்சி நல்ல கண்டுபிடிப்பு. சரியான அளவில் போட்டால் மாமாவின் தறிக்கடியில் நான் பேர் எழுதிய அந்தப் பொடி குறையும், இழை அறுவதும் குறையும். அந்த அளவைத் தீர்மானிக்கும் இடத்தில், நாள் முழுக்க அந்த நூலுக்குப் பக்கத்தில் நிற்கிறவர் ஒரு தடவைகூட இருந்ததில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. ஸ்டாக்போர்ட்டிலும் இல்லை, டோட்மோர்டனிலும் இல்லை, சங்கரன்கோவிலிலும் இல்லை.

கூலி ஒப்பந்தம் பேச உட்காரும்போது மீட்டருக்கு எவ்வளவு, போனஸ் எவ்வளவு என்று பேசுகிறார்கள். பீமில் எத்தனை சதவீதம் கஞ்சி ஏறியிருக்கிறது, அதில் சிஎம்சி எவ்வளவு என்பதை ஒரு சீட்டில் எழுதிப் பீமோடு கட்டி அனுப்புவது பெரிய செலவில்லை. பற்பசைக் குழாயில் எழுதுகிறார்கள். என் கண் மருந்தில் அரை சதவீதத்தைக்கூட எழுதுகிறார்கள். நெய்கிறவருக்கு வரும் பீமில் மட்டும் ஒன்றும் எழுதியிருப்பதில்லை. அவர் நூலைக் கிள்ளிப் பார்த்து, இன்றைக்கு எத்தனை தடவை அறும் என்று தானாகவே கணக்குப் போட்டுக்கொள்கிறார்.